சிரட்டை கவிழ்ந்திருந்தால் அன்று வெட்டு இல்லை

தினமும் ஒரு படம் எடுத்து வா, அன்றாடத்தில் ஒளிந்திருக்கும் அழகு தானாகக் கண்ணில் படத் தொடங்கும் என்று அறிவுரை சொல்லாதவர்கள் இல்லை. சில ஆண்டுகளாக நானும் தினமும் படம் எடுத்து வருகிறேன். ஆனாலும் இந்த அறிவுரையில் எனக்கு இன்றுவரை முழு உடன்பாடு வரவில்லை. நான் எடுப்பது என் வீட்டு வாசலிலிருந்து பாசனக் கால்வாயான சானல் கரை வரைக்கும் போகும் ஒற்றைச் சாலையைத்தான். நின்று நின்று நடந்தாலும் கால் மணி நேரத்துக்குமேல் ஆகாது. குமரி மாவட்டத்தில் திருவட்டாற்றுக்கும் குலசேகரத்துக்கும் இடையில் இப்படிப்பட்ட சாலைகள் எத்தனையோ உண்டு. ஒரு பக்கம் வெட்டுக்கல்லில் கட்டிய கையாலைச் சுவர், மறுபக்கம் ரப்பர்த் தோட்டமான விளை, இடையில் சில வீடுகள், ஒரு பெட்டிக்கடை, சிலுவை வைத்த ஒரு குருசடி, முடிவில் தண்ணீர் ஓடும் சானல். மார்த்தாண்டத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகும் முன்பு இந்தச் சாலையில் ஒரு நடை நடந்து, கைப்பேசியில் சில படங்கள் எடுத்துவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது.

உடன்பாடு வராததற்குக் காரணம், தானாகக் கண்ணில் படும் அழகு எல்லோர் கண்ணிலும் ஒரே மாதிரியாகப் படுகிறது என்பதுதான். முதல் ஆண்டின் படங்களைப் பிறகு ஒருநாள் வரிசையாகப் பார்த்தபோது, சேம்பிலையில் உருண்டு நிற்கும் மழைத்துளி, மதில்மேல் உறங்கும் பூனை, கட்டன்சாயாவிலிருந்து எழும் ஆவி, வெயில் பட்ட சிலந்திவலை என்று அடுக்கடுக்காக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அவற்றைக் கோட்டயத்திலோ கூர்க்கிலோ யாழ்ப்பாணத்திலோ எடுத்ததாகச் சொன்னாலும் நம்பியிருப்பார்கள். என் சாலையை ஒரு நாளும் விடாமல் எடுத்தும், அந்தச் சாலையைப் பற்றி அவை எதுவுமே சொல்லவில்லை. அழகைத் தேடிப் போகிறவர் கையில் வெளிச்சமும் வடிவமும் கிடைத்துவிடுகின்றன. இடம் மட்டும் நழுவிவிடுகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. குமரி என்றதும் எந்தப் படம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்: விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அவ்விரண்டுக்கும் இடையில் கண்ணாடிப் பாலம், பிறகு திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம். அங்கே இடம் மட்டும்தான் இருக்கும், வாழ்க்கை இருக்காது. கல்யாணமான புதிதில் நாங்களும் அதே படிக்கட்டில் அதே கோணத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புகைப்படக்கலை தொடங்கியது இப்படியான காட்சிகளில் அல்ல என்பதை எண்ணிப் பார்ப்பதுண்டு. இன்று நமக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படம், நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்தது. அதில் தெரிவது கூரைகளும் சுவர்களும்தான். தட்டில் பிம்பம் பதிய அத்தனை நேரம் பிடித்ததால், எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் ஒரே படத்துக்குள் நுழைந்துவிட்டன. தெருவை எடுப்பவருக்கு அந்தப் படத்தைவிட நல்ல பாடம் வேறு இல்லை என்று நினைக்கிறேன். வெயில் எந்தச் சுவரில் எப்போது விழுகிறது என்பதிலிருந்துதான் நானும் என் சாலையைக் கற்கத் தொடங்கினேன்.

வடக்குப் பார்த்த கையாலை

பெட்டிக்கடைக்கு எதிரே, வடக்கு நோக்கி நிற்கும் ஒரு பழைய கையாலை இருக்கிறது. ஐப்பசி மழையில் அதன்மேல் பாசி படரும். கார்த்திகை, மார்கழி, தை என்று மூன்று மாதமும் அந்தப் பச்சை அப்படியே நிற்கும், ஏனென்றால் அந்தக் காலத்தில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் சுவரின் இந்த முகத்துக்கு நேர் வெயில் கிடைப்பதில்லை. சித்திரை பிறக்கும் சமயத்தில் படத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. சுவரின் மேல்வரிக் கற்களில் ஒரு கீற்று வெயில், சில நாட்களில் அது இரண்டாம் வரிக்கு இறங்கியது, பிறகு சுவர் முழுவதும் உச்சி வெயிலில் நின்றது, பாசி பழுத்துப் பொடியாக உதிர்ந்தது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ எட்டு பாகை வடக்கே. ஆகவே ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதைத் தாண்டி வடக்கே போகிறது. ஆகஸ்ட் முடியும்போது மறுபடியும் தலைக்கு மேலே வந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகலில் நம் நிழல் தெற்கே விழும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் உச்சிப்பொழுதில் நம் நிழல் எப்போதும் வடக்கேதான் கிடக்கும் என்று நினைத்தே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இதைப் பெட்டிக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாள் மேற்குப் பார்த்துப் பள்ளிகொண்டிருப்பதை நினைவூட்டினார். பங்குனியிலும் புரட்டாசியிலும் சில நாட்கள் மாலை வெயில் உள்ளே புகுந்து மூலவர்மேல் விழும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. அந்த இரண்டு மாதங்களிலும்தான் சூரியன் நேர் மேற்கில் மறையும் நாளும் வருகிறது என்பதால் கணக்கு ஒத்துப்போகிறது. கோயில் கட்டியவர்கள் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நின்று வெயிலைப் பார்த்திருக்க வேண்டும். அதேபோல் மிகத் தாமதமாக விடிவது மார்கழியில் என்று நான் நினைத்திருந்தது படங்களின் நேரத்தைப் பார்த்ததும் மாறியது. தையின் பிற்பகுதியில்தான் சூரியன் மிகவும் பிந்தி எழுகிறது. எங்கள் பக்கத்தில் கிழக்கே மலை நிற்பதால் வெயில் சாலைக்கு இறங்க இன்னும் கொஞ்சம் நேரமாகும். இவையெல்லாம் ஒரு படத்தில் தெரிவதில்லை. ஒரே சுவரை மாதக்கணக்கில் எடுத்து அடுக்கினால் மட்டுமே தெரிகிறது, அந்த வரிசையில் எந்தத் தனிப்படமும் பார்க்கச் சுகமாக இல்லை.

விடியுமுன் விளைக்குள்

சாலையின் மறுபக்கத்து ரப்பர் விளையில் வேலை நடப்பது விடியுமுன். இரவில் மரம் நீரை இழக்காமல் இருப்பதால் பட்டைக்குள் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் ஏறினால் அது குறைந்து பால் ஓட்டமும் குறையும். அதனால் பால் வெட்டுகிறவர் தலையில் ஒரு டார்ச்சை மாட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்கிவிடுவார். ஒருவர் ஒரு நாளில் 300 முதல் 400 மரம் வரை வெட்டவேண்டியிருக்கும், ஆகவே ஒரு மரத்துக்குமுன் அவர் நிற்பது சில விநாடிகள்தான். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவது, கத்தியை வைத்து மில்லிமீட்டர் கனத்தில் பட்டையைச் சீவி இழுப்பது, பால் பிடிக்கும் கொட்டாங்குச்சியான சிரட்டையைத் துடைத்துக் கம்பி வளையத்தில் நிமிர்த்தி வைப்பது, அடுத்த மரத்துக்கு நகர்வது. சீவிய இடத்தில் முதலில் வெள்ளைப் புள்ளிகளாகப் பொடித்து, பிறகு ஒன்றுசேர்ந்து, தகரச் சில்லின் நுனியில் சொட்டத் தொடங்குவதற்குள் அவர் நாலு மரம் தாண்டிப் போயிருப்பார்.

இதைப் படமெடுக்கக் கைப்பேசி ஒத்துழைக்காது. இருட்டைக் கண்டதும் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடும். அதில் மரங்கள் பகல்போலத் தெளிவாக நிற்கும், நடமாடும் மனிதர் கரைந்துபோய், அவர் தலைவிளக்கின் கோடு மட்டும் மிஞ்சும். பாரிசில் ஒளிப்பட முன்னோடி டாகுவேர் 1838இல் எடுத்த தெருப் படத்தில் வண்டிகளும் கூட்டமும் இதே காரணத்தால் பதியாமல் போய், செருப்புக்குப் பாலிஷ் போட நின்ற ஒரு ஆளும் அவர் காலடியில் குனிந்திருந்த தொழிலாளியும் மட்டுமே பதிந்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த கதை. என் விளையில் தொழிலாளி நிற்பதே இல்லை என்பதால் அந்த வாய்ப்பும் இல்லை. திரையில் மரத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிட்டால் இருட்டு இருட்டாகவே நிற்கும், சிரட்டையில் பாலும் வெறும் வெள்ளைத் திட்டாக வெளுத்துப் போகாமல் கொஞ்சம் மஞ்சள் கலந்த தன் நிறத்தோடு பதியும். இந்தப் பக்குவம் பிடிபடும்வரை நான் ஆளை விட்டுவிட்டு மரங்களையும் மூடுபனியையுமே எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓகி திறந்த வெளிச்சம்

அப்படி எடுத்ததில் ஒரு படம், ஒளிப்படத்தில் ஈடுபாடுள்ள நண்பர்களிடம் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. ஐப்பசியில் ஒரு காலை. இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வரிசை வரிசையாகக் கறுத்த மரங்கள், தரையிலிருந்து எழும் ஆவி, நடுவில் மேலிருந்து சரிந்து இறங்கும் ஒரே ஒரு வெயில் கற்றை. ஆள் இல்லை, அசைவு இல்லை. அதைப் பெரிதாக்கி அச்சுப் போட்டுக் கொடுக்கும்படி ஒருவர் கேட்டார். நாகர்கோவிலில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு வரும் வழியில், அந்த விளையில் பால் வெட்டும் மாமாவைப் பெட்டிக்கடையில் பார்த்தேன். என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர், தகப்பனார் காலத்துப் பழக்கம். உங்கள் விளைதான் என்று சுருளைப் பிரித்துக் காட்டினேன்.

அவர் படத்தைக் கையில் வாங்காமல், கடைப் பலகையில் விரித்து வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். முதலில் விரல் போனது வெயில் கற்றையின் அடிக்கு. "இங்க மூணு மரம் நின்ன எடமாக்கும் மக்கா. ஓகியில போச்சு. மரம் நின்னா வெயில் எப்பிடிக் கீழ வரும்?" என்றார். ஓகிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். கடலில் போனவர்களைப் பற்றிய பேச்சே அப்போது பெரிதாக இருந்தது, இருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் மலையடிவாரத்திலும் ரப்பரும் வாழையும் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. விழுந்த இடத்தில் புதுக் கன்று நட்டால் சுற்றிலும் நிற்கும் பெரிய மரங்களின் நிழலில் அது ஏறி வராது. ஆகவே முழு விளையையும் முறித்து மறுநடவு செய்யும் காலம்வரை அந்த இடைவெளி அப்படியே கிடக்கும். நான் பிடித்த வெயில் அந்த இடைவெளியின் வழியாக இறங்கியிருக்கிறது.

பிறகு அவர் விரல் பக்கவாட்டில் நகர்ந்தது. முன்வரிசை மரமொன்றின் கம்பி வளையத்தில் இருந்த சிரட்டையைத் தொட்டுக் காட்டினார். "கவுந்துல்லா கெடக்கு, பாத்தியா. அன்னைக்கு வெட்டு இல்ல." மழையில் பட்டை நனைந்திருந்தால், வெட்டிய பால் சீவிய பள்ளத்தில் ஓடாமல் மரத்தின் மேல் பரவி வழிந்து வீணாகும், அதனால் மழை இரவுக்கு மறுநாள் சிரட்டையைக் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். வெட்டின்மேல் மழைநீர் இறங்காதபடி ரெயின் கார்டு பிளாஸ்டிக்கை ஒட்டியிருந்தால் மழைக்காலத்திலும் வெட்டலாம். ஆனால் அந்த ஆண்டு ரப்பர் விலை கீழே கிடந்ததால், பிளாஸ்டிக்கும் அதை ஒட்டும் பசையும் ஆள்கூலியும் சேர்த்தால் கட்டுப்படியாகாது என்று விளைக்காரர் ஒட்டாமலே விட்டுவிட்டார். மரங்கள் அத்தனை சுத்தமாக, கறுப்பாக, படத்துக்கு ஏற்றபடி நின்றதற்கு அதுதான் காரணம். மாமா நிமிர்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்ல படம்தான் மக்கா. எனக்கு அன்னைக்குக் கூலி இல்ல."

அவர் குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. சாயா குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். ஆனால் அந்தச் சுருளை உரியவரிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. படத்தில் பொய் எதுவும் இல்லை. மூடுபனி இருந்தது, வெயில் இருந்தது, அமைதி இருந்தது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். நான் வெளிச்சத்தைப் பார்த்த இடத்தில் அவர் மூன்று மரத்தின் பாலைப் பார்த்தார். நான் நிசப்தம் என்று வைத்த பெயருக்கு அவரிடம் வேலையில்லா நாள் என்று பொருள். இத்தனைக்கும் அவர் பார்த்தவை எல்லாம் படத்திலேயே இருந்தன. கவிழ்ந்த சிரட்டை கூர்மையாக, நடுவுக்குச் சற்று இடப்புறம், நான் கட்டம் கட்டிய எல்லைக்குள்ளேதான் இருந்தது. நாள்தோறும் படம் எடுத்தால் பார்வை கூர்மையாகும் என்பார்கள். என் பார்வையில் கூர்மைக்குக் குறைவில்லை. சிரட்டை நிமிர்ந்திருப்பதற்கும் கவிழ்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இன்னொரு மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். எத்தனை ஆண்டு தனியாக நடந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது.

அன்றாடத்தின் சிறு தருணங்கள் என்று நாம் கொண்டாடுகிறவற்றில் பெரும்பங்கு யாரோ ஒருவருடைய வேலையின் ஒரு பகுதி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கொடியில் காயும் ரப்பர் ஷீட்டில் வெயில் ஊடுருவித் தேன் நிறம் காட்டுவது எனக்கு ஒரு தருணம். அதை உருளையில் அழுத்தி உலர்த்தியவருக்கு, இன்று மாலைக்குள் புகைக்கூண்டில் ஏற்றவில்லை என்றால் பூசணம் பிடித்து விலை இறங்கிவிடும் என்ற கவலை. அதைச் சிறியது என்று சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. தூர நின்று பார்க்கிறவருக்குத்தான் எல்லாம் சிறியதாகத் தெரியும்.

பட்டையைப் படித்தல்

அதற்குப் பிறகு, வெட்டி முடித்து மாமா பால் எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில் விளைக்குள் போய் உட்காரத் தொடங்கினேன். ஒருநாள் ஒரு மரத்தின் முன் நிறுத்தி, வெட்டுப்பட்டையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவினால் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சாண் பட்டை கீழே இறங்கும். சீவிய இடத்துக்கு மேலே புதுப்பட்டை வளர்ந்து மூடும். கை பழகியவர் வெட்டிய பகுதி வழவழப்பாக மூடியிருக்கும். கத்தி உள்ளே இறங்கி மரத்தில் காயம் பட்டிருந்தால் அந்த இடத்தில் முண்டு விழும். அவர் முழங்கால் வைத்தியத்துக்காகப் படுத்திருந்த சில மாதங்களில் வேறொரு பையன் வெட்டியிருக்கிறான். தரையிலிருந்து என் தோளுயரத்தில் ஒரு கையகலப் பகுதி முழுக்க முண்டும் பள்ளமுமாக இருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் வழவழப்பு. நாள் தவறாமல் பதிவு விழுந்த ஒரு பேரேட்டில், இடையில் வேறொருவர் கையெழுத்து வந்துபோனதைக் கணக்குப்பிள்ளையான நான் பார்த்தவுடன் கண்டுகொண்டேன்.

வெட்டு ஏன் எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிகிறது என்பதையும் அன்றுதான் கேட்டேன். பால் ஓடும் நரம்புகள் மரத்தில் நேராக ஏறாமல் வலப்பக்கம் இலேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகமான நரம்புகள் அறுபடும் என்றார். தாவரவியல் புத்தகங்களும் அதையே சொல்கின்றன. இதனால் எனக்கு வேண்டாத ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. யாராவது ரப்பர்த் தோட்டப் படம் அனுப்பினால், முதலில் வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிறேன். விளம்பரப் பலகைகளில் அழகுக்காக இடவலமாகத் திருப்பிப்போட்ட படங்களை இப்போது தூரத்திலிருந்தே பிடித்துவிடுகிறேன். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் துடிக்கும், அடக்கிக்கொள்வேன்.

மீன்காரம்மாவிடம் பாடம் இன்னும் விரைவாக முடிந்தது. கடவத்தைத் தலையில் சுமந்து நடந்து வந்த காலம் போய், அவர் இப்போது ஆட்டோவில் சாலைமுக்கில் இறங்கிக் குருசடிப் படியில் கடை விரிக்கிறார். தன் முகம் படத்தில் வரக்கூடாது, வியாபாரத்துக்கு இடைஞ்சலாக நிற்கக்கூடாது, மீன் வாங்கின பிறகுதான் கைப்பேசியை எடுக்கவேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். மூன்றுமே நியாயமானவை, மூன்றாவது என் வீட்டுக்கும் வசதியாகிவிட்டது. ஒருமுறை பழைய படங்களைக் காட்டியபோது, ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் எடுத்தது என்று மீனைப் பார்த்தே சொன்னார். சின்னமுட்டம் பக்கத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை; குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் ஜூன் முதல் பாதியில் கடவத்தில் வள்ளத்து மீன் மட்டும்தான் இருக்கும், பெரும்பாலும் சாளையும் நெத்திலியும். பெரிய மீன் இருந்தால் அதன் கண்ணைப் பார்த்து, "இது ஐஸ்ல கெடந்ததாக்கும்" என்று என் படத்தையே தள்ளிவிட்டார். மீனின் கண் பளபளப்பதால் நல்ல படம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தவை, அவரும் நல்ல மீன் என்று ஒப்புக்கொண்டவைதான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவர் கருத்தும் ஒத்துப்போனது.

இப்போதும் தினமும் எடுக்கிறேன், ஆனால் படத்தோடு ஒரு வரி எழுதி வைக்கிறேன்: வெட்டு உண்டா இல்லையா, சானலில் தண்ணீர் எந்தப் படிவரை, கடவத்தில் என்ன மீன். கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்து தண்ணீர் வந்ததும் கல்படியில் துவைக்கிறவர்கள் இரண்டு படி மேலே ஏறி உட்காருவதை முன்பெல்லாம் துணிகளின் வண்ணத்துக்காக எடுப்பேன். இப்போது படியை எண்ணுகிறேன். படங்களின் அழகு கூடியிருக்கிறதா என்று கேட்டால், நண்பர்கள் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு பொருள், அதைச் சுற்றிக் கலைந்து கிடக்கும் மற்றவை, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு வாளி என்று அவை சான்றுக்கு எடுத்த படங்களைப் போலாகிவிட்டன என்பது அவர்கள் குறை. அதில் உண்மை உண்டு. மூடுபனிக் காலையில் எனக்கும் கை பழைய பக்கம் போகத்தான் செய்கிறது, எடுத்துக்கொள்வேன், யாருக்கும் அனுப்புவதில்லை.

போன மாசி மாதம், இலையுதிர்ந்து மரங்கள் புதுத்தளிர் விட்டுக்கொண்டிருந்த சமயத்தில், மாமாவே வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். சானல் ஓரத்து மரங்கள் சிலவற்றில் வெட்டினால் பாதித் தூரத்துக்குப் பால் வரவில்லை, பட்டை வறண்டுவிட்டது. இப்படிப்பட்ட மரங்களைச் சில மாதங்கள் வெட்டாமல் போட்டால் சில நேரம் திரும்ப வரும், விடாமல் வெட்டினால் முற்றிலும் போய்விடும். விளைக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். வாயால் சொன்னால் வேலைக்குச் சோம்பி மரத்தை விடுகிறார் என்று நினைத்துவிடக்கூடும் என்பதால் படம் வேண்டும். நான் வழக்கம்போல் நேரே நின்று எடுத்தேன். வறண்ட பட்டையும் நல்ல பட்டையும் ஒரே பழுப்பாகத்தான் விழுந்தன. மாமா தலைவிளக்கைக் கழற்றி மரத்தின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் சீவிய கோட்டில் பால் பொடித்து நிற்கும் பாதியும் காய்ந்து வெடித்த பாதியும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் விளக்கை எங்கே பிடிக்கவேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. என் வேலை பொத்தானை அழுத்துவது மட்டும்.

அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை சாலையில் பார்த்தபோது மாமாவுக்கு முகம் சரியில்லை. விளைக்காரர் பார்த்திருக்கிறார், ஆனால் பெரிதாக்கினால் எல்லாம் கலங்கித் தெரிகிறது, கோடு தெரியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பது எனக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் கவனிக்கவில்லை. பேரன் சொல்லிக்கொடுத்ததை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "டாக்குமெண்டா அனுப்பு மக்கா, அப்பந்தான் பட்டை தெரியும்." அப்படியே அனுப்பினேன். அந்த மரங்களுக்கு ஓணம் வரைக்கும் வெட்டு வேண்டாம் என்று உத்தரவு வந்தது. மாதம் ஒருமுறை அதே மரங்களை, அதே பக்கத்திலிருந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து எடுத்து அனுப்பவேண்டும் என்பது விளைக்காரரின் ஏற்பாடு. கூலி பேசவில்லை, ஒரு குலை மட்டிப்பழம் வந்து சேர்ந்திருக்கிறது.